ஸ்டிஃப்பா, ரிஜிட்டா, இன்ஃப்ளெக்ஸிபிளா: அழுத்திப் பாத்துட்டு வார்த்தைய எடுங்க

கேள்வி கேட்ட தங்கச்சி கோலாலம்பூர்ல ஒரு ஆபீஸ்ல வேலை செய்றாங்க. அங்க லீவு வேணும்னா 7 நாளைக்கு முன்னாடியே அப்ளை பண்ணணும்னு புதுசா ரூல் போட்டிருக்காங்க, புள்ளைக்கு ராத்திரி திடீர்னு காய்ச்சல் ஏறி மறுநாள் காலையில லீவு கேட்டா கிடைக்கல. அதப்பத்தி எச்.ஆருக்கு மெயில் எழுதும்போது 'தி நியூ லீவ் பாலிசி இஸ் வெரி ஸ்டிஃப்'னு எழுதிட்டு, அனுப்புறதுக்கு முன்னாடி கூட வேலை செய்றவங்ககிட்ட காட்டியிருக்காங்க, ஒருத்தர் ரிஜிட்னு மாத்தச் சொன்னாராம், இன்னொருத்தர் இன்ஃப்ளெக்ஸிபிள்னு போடுன்னாராம், மூணாவது ஆளு ஸ்ட்ரிக்ட்தான் சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். டிக்ஷனரியத் தொறந்தா ஸ்டிஃப்புக்கு அர்த்தம் ரிஜிட், ரிஜிட்டுக்கு அர்த்தம் ஸ்டிஃப்னு போட்டிருக்கு, அப்ப எதத்தான் எழுதுறதுன்னு கேட்டிருக்காங்க.

நான் பட்டர்வொர்த்ல 20 வருஷத்துக்கு மேல எஸ்பிஎம் (ஃபார்ம் 5 முடிவுல எழுதுற மலேசிய அரசுத் தேர்வு) புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் குடுத்துக்கிட்டு இருக்கேன், இந்தக் குழப்பம் வருஷா வருஷம் என் மேசைக்கு வரும், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

முதல்ல மெயிலுக்கு நேர் பதில். ஸ்டிஃப் அங்க உக்காராது. ரிஜிட் சரி. இன்ஃப்ளெக்ஸிபிளும் சரிதான், ஆனா அது சொல்ற சேதி வேற. ஸ்ட்ரிக்ட்னு போட்டா நீங்க சொல்ல வந்த குறையே காணாமப் போயிடும்.

இப்ப ஏன்னு பாப்போம். நான் புள்ளைங்களுக்குச் சொல்றது ஒரே வழிதான், அந்தப் பொருள கையில எடுத்து அழுத்திப் பாரு, என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வார்த்தைய எடு. டிக்ஷனரியில தேடாத, கைக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டிருப்பீங்க. மாவுல தண்ணி பத்தலன்னா அச்சுல போட்டு அமுக்கும்போது எறங்காது, பிடி உள்ளங்கையில பதிஞ்சு செவந்து போகும், அம்மா எட்டிப் பாத்துட்டு 'மாவு கெட்டியா இருக்குடி, கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பெசை'ம்பாங்க. அந்த மாவுதான் ஸ்டிஃப். எறங்கவே எறங்காதுன்னு இல்ல, எறங்கும், ஆனா மல்லுக்கட்டணும், தண்ணி தெளிச்சா எளகிடும். அதே மாவு எண்ணெயில வெந்து வெளிய வந்தப்புறம் வளைச்சுப் பாருங்க, வளையாது, படக்குனு ஒடையும். இப்ப அத ஸ்டிஃப்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அது பிரிட்டில். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நம்ம கையோட சண்டை போட்ட அதே மாவுதான், ஆனா வார்த்தை மாறிப் போச்சு.

ஸ்டிஃப் வர்ற இடம் எல்லாத்தையும் ஒரு தடவ வரிசையா நெனச்சுப் பாருங்க. கஞ்சி போட்ட வேட்டி, புதுசா வாங்கின தோல் செருப்பு, எண்ணெ காணாத கதவுக் கீலு, ராத்திரி ஃபேனுக்கு நேரா படுத்து காலையில பிடிச்சுக்கிட்ட கழுத்து. எல்லாமே முரண்டு பிடிக்குது, ஆனா எல்லாமே ஒருநாள் எளகும். வேட்டி கட்டக் கட்ட தொவண்டுடும், செருப்பு காலுக்குப் பழகிடும், கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெ விட்டா போதும், கழுத்துக்கு தைலம். நம்ம விறைப்புங்கிற வார்த்தை இதுக்கு ரொம்ப கிட்ட வரும், 'கை வெறச்சுப் போச்சு'ன்னு சொல்றோமே அது.

ரிஜிட் அப்படி இல்ல. அது எளகுறதப் பத்தி யோசிக்கவே விடாது. லத்தீன்ல ரிகிடுஸ்னு ஒரு சொல், அதுலேர்ந்து வந்தது, ரிகர்ங்கிறதும் அதே வேர், செத்ததுக்கு அப்புறம் ஒடம்பு கட்டையாப் போறதுக்கு டாக்டருங்க ரிகர் மார்ட்டிஸ்னு சொல்றாங்கள்ல அதுவும் இந்தக் குடும்பம்தான். கட்டைங்கிற நம்ம சொல்லே இதுக்குப் பொருத்தம்.

இத நான் ஒரு புள்ளையோட கட்டுரையிலதான் நல்லா உணர்ந்தேன். ஃபார்ம் 5 படிக்கிற பொண்ணு, அவங்க தாத்தாவப் பத்தி எழுதியிருந்தா. தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு, காலம் பூரா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உளி பிடிச்ச கை, இப்ப காலையில எந்திரிச்சா விரல மடக்க முடியாது, பாட்டி ஒரு மங்குல சுடுதண்ணி கொண்டாந்து வெப்பாங்க, அதுல கைய வெச்சுக்கிட்டு வானொலி கேப்பாரு, அப்புறம்தான் பசியாற உக்காருவாரு, ரொட்டிய அவரே பிச்சுத் தின்ன முடியும். அவ்ளோ அழகா எழுதிட்டு, 'ஹிஸ் ஃபிங்கர்ஸ் வேர் ரிஜிட்'னு போட்டிருந்தா. நான் கட்டுரைய கீழ வெச்சுட்டேன். இலக்கணத்துல தப்பே இல்ல, ஆனா அந்த ஒரு வார்த்தையில தாத்தா செத்துப் போயிட்டாரு. அவளக் கூப்பிட்டு, உன் தாத்தா விரலு சுடுதண்ணியில வெச்சா எளகுதா இல்லியான்னு கேட்டேன், 'எளகும் டீச்சர், கா மணி நேரத்துல சரியாயிடும்'னா, அப்ப அது ஸ்டிஃப்மா, ரிஜிட்டா இருந்தா பாட்டி ஏன் சுடுதண்ணி கொண்டாறாங்கன்னு சொன்னேன். அவளே பேனாவ எடுத்து அடிச்சுட்டு மாத்தி எழுதினா, நான் வேற ஒண்ணும் சொல்லல.

(பார்க்கின்சன் நோய் வந்தவங்க கை காலு இறுகிப் போறத டாக்டருங்க ரிஜிடிட்டின்னே எழுதுவாங்க. அது மருத்துவக் கலைச்சொல், அங்க அதுதான் சரி. வீட்டுப் பேச்சுல, கட்டுரையில, ஸ்டிஃப்.)

பொறியியல்ல இந்த வித்தியாசம் இன்னும் சுத்தமா இருக்கும். ஸ்டிஃப்னா அங்க அளந்து சொல்ற விஷயம், எவ்ளோ பலம் குடுத்தா எவ்ளோ வளையும்னு. அந்த அளவு எஃகுக்கு சுமார் 200 கிகாபாஸ்கல் (அது இத அளக்குற அலகு), அலுமினியத்துக்கு சுமார் 70, அதனால ஒரே அளவு, ஒரே வடிவத்துல ரெண்டு கம்பி எடுத்தா எஃகு கம்பி அலுமினியத்தவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு ஸ்டிஃப். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, சாதாரண ஜன்னல் கண்ணாடியும் கிட்டத்தட்ட அதே 70 தான். அலுமினியமும் கண்ணாடியும் ஒரே அளவுக்கு ஸ்டிஃப், நம்ப முடியுதா? ஆனா கண்ணாடி கீழ விழுந்தா சில்லு சில்லாப் போகும், அலுமினியத் தட்டு விழுந்தா நசுங்கி உருண்டு போகும். ஏன்னா ஒடையாம தாங்குறதுக்கு டஃப்னு பேரு, அது தனி. கீறல் விழாம தாங்குறதுக்கு ஹார்ட்னு பேரு, அதுவும் தனி, 1812ல ஃப்ரீட்ரிக் மோஸ்னு ஒருத்தரு டால்க்ங்கிற ரொம்ப மெதுவான கல்ல 1, வைரத்த 10னு வெச்சு ஒரு வரிசையே போட்டாரு. நாம எல்லாத்தையும் கெட்டின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போறோம், இங்கிலீஷ்ல ஸ்டிஃப், டஃப், ஹார்ட்னு தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க.

ரிஜிட்ட சாதாரணமா இப்படி அளந்து சொல்றதில்ல. ஃபிசிக்ஸ்ல ரிஜிட் பாடின்னு சொன்னா துளிகூட வளையாத பொருள்னு வெச்சுக்கோன்னு அர்த்தம், அப்படி ஒரு பொருள் உலகத்துல இல்ல, கணக்குக்காக வெச்சுக்கிறது. அதனாலதான் ஸ்டிஃப்புக்கு கொஞ்சம், ரொம்ப, இன்னும்னு எல்லாம் சுளுவா ஒட்டும், ரிஜிட் அப்படி ஒட்டிக்கிறது கம்மி, அது ஏற்கனவே கடைசிக்குப் போயி நிக்கிற வார்த்தை.

நீங்க கேஎல்லதான இருக்கீங்க, பெட்ரோனாஸ் ட்வின் டவர் பாலத்த தினம் பாப்பீங்க. 41வது மாடியிலயும் 42வது மாடியிலயும் ரெண்டு கோபுரத்தையும் சேக்குற அந்த ஸ்கைபிரிட்ஜ், கோபுரத்தோட இறுக்கிப் பூட்டினது இல்ல. காத்தடிச்சா 452 மீட்டர் உசரக் கோபுரம் ரெண்டும் கொஞ்சம் ஆடும், ரெண்டும் ஒரே பக்கமா ஆடணும்னு இல்ல, அதனால பாலத்தோட முனை நகர்ந்து குடுக்குற மாதிரி கட்டியிருக்காங்க. கோபுரம் ஸ்டிஃப்பா இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்கிறவங்களுக்கு தல சுத்தும். ஆனா பாலத்த அதுல ரிஜிட்டாப் பூட்டியிருந்தா அந்த ஆட்டத்த எல்லாம் பாலமே தாங்க வேண்டி வந்திருக்கும். ஸ்டிஃப் நல்லது, ரிஜிட் ஆபத்து, ரெண்டும் ஒரே கட்டடத்துல.

இப்ப உங்க லீவு ரூலுக்கு வாங்க, இதே கண்ணோட பாருங்க. 7 நாளு முன்னாடி சொல்லணும்னு ஒரு ரூல், அதுல தப்பில்ல, ஆளு பத்தாம தவிக்கக் கூடாதுல்ல. ஆனா காய்ச்சல் 7 நாளு முன்னாடி சொல்லிட்டு வராது. அந்த மாதிரி நேரத்துல நகர்ந்து குடுக்க அந்த ரூல்ல எடமே வெக்கல, பூட்டிட்டாங்க. அதுதான் ரிஜிட். நீங்க குறை சொல்றது ரூலோட அமைப்ப, ஆள இல்ல. ரூல்ஸ், சிஸ்டம், ஷெட்யூல், ஸ்ட்ரக்சர் இதுங்களோட ரிஜிட் வர்றது இதனாலதான்.

இன்ஃப்ளெக்ஸிபிள் வேற ஒண்ண சொல்லுது. லத்தீன்ல ஃப்ளெக்டெரேன்னா வளைக்கிறது, ஃப்ளெக்ஸிபிள்னா வளையக்கூடியது, முன்னாடி இன் போட்டா வளையாதது. இத சும்மா எதிர்ச்சொல்லுன்னு நெனச்சுடாதீங்க. ஒருத்தர இன்ஃப்ளெக்ஸிபிள்னு சொல்லும்போது, நீ வளையலாம், வளையணும், ஆனா வளைய மாட்டேங்கிறன்னு ஒரு குத்தம் அதுக்குள்ள இருக்கு. இரும்புத் தூண இன்ஃப்ளெக்ஸிபிள்னு சொன்னா யாருக்கும் கோவம் வராது, மேனேஜர சொன்னா வரும். நம்ம வழக்குல 'அவருகிட்ட நெளிவு சுளிவே கிடையாது'ன்னு சொல்றோம் பாருங்க, அதேதான். அதோட இந்த வார்த்தை ஆபீஸ் நேரம், வேலை முறை விஷயத்துல ரொம்ப இயல்பா வரும், ஏன்னா எதிர்ப்பக்கம் ஃப்ளெக்ஸிபிள்ங்கிறது சட்டத்துலயே உக்காந்திருக்கு. நம்ம மலேசியாவோட 1955 எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்ல கொண்டாந்த திருத்தம் 2023 ஜனவரி 1லேர்ந்து அமலுக்கு வந்துச்சு, அதுல ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங் அரேஞ்ச்மென்ட்னு ஒரு பகுதி இருக்கு, வேலை நேரம், நாளு, எடம் இத மாத்திக் கேட்டு தொழிலாளி எழுத்து மூலமா விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். அந்த மாதிரி எழுதிக் கேட்டு, காரணமே இல்லாம கதவச் சாத்துனா, அப்ப இன்ஃப்ளெக்ஸிபிள்னு தாராளமா எழுதுங்க. முதல் மெயில்லயே அத எடுக்காதீங்க, அது ஆள் மேல படுற வார்த்தை.

ஸ்ட்ரிக்ட்? அது இறுக்கி இழுத்துப் பிடிக்கிறதுங்கிற அர்த்தத்துல ஒரு லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது, ரெஸ்ட்ரிக்ட் கூட அதே வேர்தான். ரூல் எப்படி இருக்குங்கிறத விட, அத எவ்ளோ கண்டிப்பா நடத்துறாங்கங்கிறதத்தான் அது சொல்லும். எம்சி (டாக்டர் குடுக்குற மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்) இல்லாம லீவு கிடையாது, 8 மணின்னா 8 மணி, இதெல்லாம் ஸ்ட்ரிக்ட். அதுல பாதி நேரம் பாராட்டு இருக்கும், ஸ்ட்ரிக்ட் டீச்சர்னு சொன்னா அப்பா அம்மாவெல்லாம் புள்ளைய அங்கதான் சேப்பாங்க. எச்.ஆருக்கு 'உங்க பாலிசி ஸ்ட்ரிக்ட்'னு எழுதினீங்கன்னா ஆமா, அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சுட்டு அடுத்த மெயிலுக்குப் போயிடுவாங்க.

அப்ப ஸ்டிஃப் ஏன் உக்காரல? ஸ்டிஃப் வேற கூட்டத்தோட சேரும். ஸ்டிஃப் ஃபைன், ஸ்டிஃப் பெனால்ட்டி, ஸ்டிஃப் காம்பெட்டிஷன், ஸ்டிஃப் ரெசிஸ்டன்ஸ். பலமா எதுத்து நிக்கிறது, இல்லன்னா வலிக்கிற அளவுக்கு அதிகம். ரோட்டுல குப்ப போட்டா ஸ்டிஃப் ஃபைன் போடணும்னு எழுதலாம், ரிஜிட் ஃபைன்னு எழுத முடியாது. பாலிசியோட ஸ்டிஃப்ப யாரும் சேக்குறதில்ல, அதனாலதான் உங்க ஆபீஸ்ல மூணு பேருக்குமே காதுல ஒறுத்தியிருக்கு, காரணம் சொல்லத் தெரியலன்னாலும் அவங்க காது சரியாத்தான் சொல்லியிருக்கு.

ஆளுங்களுக்கு ஸ்டிஃப் போட்டா அர்த்தம் இன்னொரு பக்கம் போகும். ஸ்டிஃப்பா சிரிச்சாரு, ஸ்டிஃப்பா பேசினாருன்னா இறுக்கமா, ஒட்டாம, பழகத் தெரியாம. இங்க நம்ம புள்ளைங்களுக்கு மலாய் கைகுடுக்கும், காக்குன்னு சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க, பஹாசா காக்குன்னு பள்ளிக்கூடத்துல கேட்டிருப்பாங்க. ஆனா ஸ்டிஃப் நெக்டுன்னு ஒட்டிப் போட்டா பிடிவாதக்காரன், தமிழ் பைபிள்ல வணங்காக் கழுத்துன்னு வரும், நுகத்தடிக்கு கழுத்தக் குடுக்காத மாடு மாதிரி. கழுத்துப் பிடிப்புக்கு ஸ்டிஃப் நெக், கடைசியில ஒரே ஒரு டு சேந்தா மனுஷனோட குணமே ஆயிடுது.

இன்னும் ஒண்ண சொல்லாம விட மனசில்ல. வளையாதது எல்லாமே குறையில்ல. நாம வளையாத கோல செங்கோல்னும் வளைஞ்ச கோல கொடுங்கோல்னும் பேரு வெச்சவங்க. இங்கிலீஷ்ல அந்த செங்கோல் பக்கத்து வார்த்தை ஃபர்ம். ஃபர்மா இருக்கிறவரு கத்த மாட்டாரு, மொறைக்க மாட்டாரு, நீங்க சொல்றத முழுசாக் கேப்பாரு, கேட்டுட்டு முடியாதுன்னா முடியாதுதான். மலாய்ல தெகாஸ். நம்மள்ல கறார்னு சொல்லலாம், ஆனா கறார்ல கொஞ்சம் காசு வாசன வரும், உறுதிதான் இன்னும் பொருத்தம். அப்பாவப் பத்தி நல்லபடியா எழுத வந்துட்டு 'மை ஃபாதர் இஸ் எ ரிஜிட் மேன்'னு எழுதுற புள்ளைங்க நெறைய, அந்த அப்பா அதப் படிச்சா மனசு நொந்து போயிடுவாரு. ஃபர்ம்னு போடச் சொல்லுவேன், இல்ல உண்மையிலயே கண்டிப்பானவரா இருந்தா ஸ்ட்ரிக்ட்.

அடமன்ட்னு ஒண்ணு இருக்கு, அது நம்ம அடம் மாதிரியே காதுல விழும், சொந்தம் ஒண்ணும் இல்ல, அது கிரேக்கத்துல ஒடைக்க முடியாததுங்கிற அர்த்தத்துல வந்தது, டைமண்டும் அதே வேர்தான். ஆனா புள்ளைங்க ஞாபகம் வெச்சுக்க அந்த ஒலி ஒத்துமை நல்லா ஒதவுது. ஒரு விஷயத்துல மட்டும் ஒத்தக்கால்ல நிக்கிறதுக்கு அது. மத்த நேரம் அவரு தங்கமான மனுஷனா இருக்கலாம், கல்யாணத்த பினாங்கு தண்ணீர்மலை கோயில்லதான் வெக்கணும்னு அந்த ஒண்ணுல மட்டும் அசைய மாட்டாரு. ஸ்டப்பர்ன் அப்படி இல்ல, அது பொறவிக் குணம், மலாய்ல டெகில், எத எடுத்தாலும் முரண்டு. மெயில்ல யாரையும் ஸ்டப்பர்ன்னு எழுதாதீங்க.

இப்ப உங்க மெயில். வெரிய எடுத்துடுங்க, ரிஜிட்டுக்கு அது தேவையில்ல. அதோட எந்த எடத்துல வளைய மாட்டேங்குதுன்னு சேத்து எழுதுங்க, அப்பத்தான் அவங்களால ஏதாவது செய்ய முடியும். 'தி நியூ லீவ் பாலிசி இஸ் டூ ரிஜிட் டு ஹேண்டில் எமர்ஜென்சீஸ், ஃபார் எக்ஸாம்பிள் வென் எ சைல்ட் ஃபால்ஸ் சிக் ஓவர்நைட்.' அதுக்கு கீழயே அடுத்த வரியில, 'குட் தேர் பி சம் ஃப்ளெக்ஸிபிலிட்டி இன் சச் கேசஸ்?'னு கேளுங்க. மொத வரியில ரூல அழுத்திக் காட்டுறீங்க, அடுத்த வரியில அது நகர எடம் கேக்குறீங்க, இன்ஃப்ளெக்ஸிபிள்ங்கிற குத்தத்த நீங்க சொல்லவே இல்ல. அவங்க பதில் வந்ததும் இங்க போடுங்க தங்கச்சி, அதுக்கு எப்படி எழுதுறதுன்னு அப்ப பாத்துக்கலாம்.